பலம் கேட்க வந்த அம்மா

அந்தம்மா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. முகத்தைச் சுளித்துப் பார்த்ததில்லை. பிழையைப் பிழை என்று சொல்லிக் கேட்டதும் இல்லை. அவரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்பதற்குக் காரணமே இதுதான்.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அதிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்துவிடுவார். நடுரோட்டில் நிறுத்தி வைத்துத் திட்டினாலும், "எவ்வளவு துணிவாக் கதைக்கிறீங்கள் தங்கச்சி" என்று தலையை ஆட்டி நோட்டில் எழுதிக்கொள்கிற ஆள் அவர்.

எங்கள் தேயிலைத் தோட்டம் உடப்புசல்லாவைப் பக்கம். கொழுந்து பறிப்பதெல்லாம் பெண்கள், அவர்களை மேய்க்கிற கங்காணி மட்டும் ஆண். காலம் காலமாக அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் கம்பனிக்கு என்ன தோன்றியதோ, பெண்களையும் கங்காணியாகப் போட்டுப் பார்ப்போம் என்று நான்கு பேரைப் பொறுக்கினார்கள். அதில் நான் ஒருத்தி. பதினெட்டு வருடம் கூடை சுமந்த தலைக்கு அதைவிடப் பெரிய கிரீடம் தேவையில்லை. எங்கள் நால்வருக்கும் பயிற்சி கொடுக்கக் கம்பனி அனுப்பிய ஆள்தான் அந்தம்மா.

மாதம் ஒரு தடவை கொழும்பிலிருந்து வருவார். முதல் நாள் இரவு நுவரெலியாவில் ஹோட்டலில் தங்கிவிட்டு, காலையில் வேன் ஒன்றில் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து இறங்குவார். ஐம்பதைத் தாண்டிய வயது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி, பை நிறையக் கலர் கலராக மார்க்கர் பேனா. பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. ஒரு வகுப்புக்குள் நான்கு கோப்பை குடிப்பார். நான்கு தடவை எழுந்து ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற கக்கூசுக்குப் போய்வருவார். டைல்ஸ் பதித்த கக்கூஸ், சாவி கிளாக்கர் ஐயாவிடம் இருக்கும்.

முதல் வகுப்புக்கு நாங்கள் நான்கு பேரும் வரிந்து கட்டிக்கொண்டு போனோம். கம்பனி ஆள் ஒருத்தர் நம்மிடம் பேச வருகிறார், விடலாமா? எங்கள் குறைகளை எல்லாம் ஒரு பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எழுதிக் கொடுத்தது என் மதினி. என் அண்ணன் பெண்சாதி, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், என் கேங்கிலேயே கொழுந்து பறிக்கிறவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் வரியே, "ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு கக்கூஸ் வேண்டும்" என்பதுதான். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"இத மொதல்ல குடு. மத்ததெல்லாம் பொறகு" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஏழாம் நம்பர் மலை எங்கள் தோட்டத்துக் கடைசி மலை. நாங்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஏறிப் போக ஒரு மணித்தியாலம். அங்கே தேயிலைச் செடியும் வானமும்தான். மறைவென்றால் இடுப்பு உயரச் செடி. கீழே ஓடையில் அட்டை. லயத்துக்கு இறங்கி ஏறி வந்தால் பாதி நாள் போய்விடும், கொழுந்து நிறுக்கும்போது எடை குறையும், அரைப் பேர்தான் போடுவார்கள். அரைப் பேர் என்றால் அரை நாள் வேலை செய்ததாகக் கணக்கு. அதனால் யாரும் இறங்கமாட்டார்கள்.

நான் பேப்பரை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பாதி எடுத்தேன்.

"அதை அப்பிடியே வச்சிருங்கோ தங்கச்சி, பிறகு பாப்பம்" என்றார் அந்தம்மா சிரித்துக்கொண்டே. "முதல்ல, உங்கட வேலையில நல்லாப் போன நாள் ஒண்டைச் சொல்லுங்கோ."

நல்லாப் போன நாளா? யாருக்குத் தெரியும்? எங்களில் மூத்தவள் ஒருத்தி மெதுவாக, "எங்களுக்கு அதெல்லாம் சொல்ல ஏலாதுங்க மேடம்" என்றாள். அந்தம்மா எழுந்து போய் வெள்ளைப் பலகையில் பெரிதாக 'ஏலாது' என்று எழுதி, சிவப்பு மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இந்தச் சொல்லுக்கு இஞ்ச வேலையில்லை. எப்பிடி ஏலும் எண்டு மட்டும் கேப்பம்."

அவருடைய வித்தை முழுவதும் அவ்வளவுதான். பிரச்சினையைக் கேட்கமாட்டார். பலத்தைக் கேட்பார். எது சரியாக நடக்கிறது, அது எப்படி நடக்கிறது, அதையே இன்னும் கூட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு ஆளை மாற்றிவிடலாமாம். அதை அவர் சும்மா சொல்லவில்லை, நெஞ்சார நம்பினார். வேஷம் போடுகிறவராக இருந்தால் நான் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

ஒரு தடவை எங்கள் நால்வரில் ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். முதல் நாள் அடித்த காற்றில் அவள் லயத்துக் காம்பராவின் கூரைத் தகரம் பறந்துவிட்டது. பிள்ளைகளோடு பக்கத்துக் காம்பராவில் ஒண்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ஆறு தகரம் பறந்துருச்சுங்க மேடம்."

அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் இரக்கம். "பறக்காம நிண்டது எத்தினை?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு, விரல் விட்டு எண்ணினாள். "பதினாலுங்க."

"பாத்தீங்களே! பதினாலு! அவ்வளவு காத்துக்கும் அசையேல்ல. அதை அசையாமப் பிடிச்சது என்ன எண்டு யோசிப்பம்."

ஆணிதான் மேடம், வேறென்ன, என்று எனக்கு வாய் வரை வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரிகிற வீட்டில் எரியாத தூணை எண்ணச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் என் கதையைச் சொல்லாமல் அவர் கதையை மட்டும் சொன்னால் அது யோக்கியமில்லை.

மூன்றாவது மாதம் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்னை உட்காரவைத்து, தன் கையாலேயே எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். நோட்டைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்கட கேங்தான் தோட்டத்திலயே கூடக் கொழுந்து எடுக்குது எண்டு ஆபீசில சொல்லிச்சினம். அதுவும் ஏழாம் நம்பரில. ஒரு வசதியும் இல்லாத மலை. எப்பிடிச் செய்யிறீங்கள்? உங்களிட்ட இருக்கிற திறமை என்ன?"

திறமை! பதினெட்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கங்காணிகளுக்கு மேலே இருக்கிற கண்டாக்கு ஐயா மலைக்கு வந்தால், ஏன் குறைந்தது, ஏன் லேட்டு, ஏன் முத்தல் விழுகிறது என்று எல்லாம் ஏன், ஏன்தான். வீட்டில் புருஷன் கேட்பது, சோறு ஆச்சா. இவர் என் முகத்தைப் பார்த்து, நான் சொல்வதை எழுதப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு உள்ளே குளிர் விட்டுப்போனது போல இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் கேங்கில் ஒருத்திக்கு ஒருத்தி எவ்வளவு துணை தெரியுமா மேடம்? ஒருத்திக்கு அவசரம் என்றால் மூன்று பேர் இடுப்பில் கட்டியிருக்கிற படங்கை அவிழ்த்துச் சுற்றிப் பிடிப்போம். படங்கு என்றால் மழைக்கும் செடி கீறாமல் இருக்கவும் கட்டுகிற தடித்த துணி, அது போதும் மறைப்புக்கு. காலையில் ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணியோடு சரி, பகல் சாப்பாடு வரைக்கும் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டோம். குடிக்காவிட்டால் போகவேண்டிய தேவை வராது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் நான்தான் பழக்கிவிடுகிறேன். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

"அருமை" என்றார் அந்தம்மா. "என்ன ஒரு ஒழுங்கு. என்ன ஒரு ஒற்றுமை." எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் நோட்டை மூடும்போது, "வேற ஏதும் சொல்லவேணுமோ தங்கச்சி?" என்று கேட்டார்.

மதினி எழுதிய பேப்பர் அன்றைக்கும் என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்றேன்.

அடுத்த மாதம் பெரட்டுக்களத்துச் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் தொங்கியது. பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்திவைத்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடம், தோட்டமே அங்கே நிற்கும். 'எங்கள் பலங்கள்' என்று தலைப்பு. கீழே என் போட்டோ. 'ஒருவருக்கொருவர் மறைப்பாக நிற்கிறோம். நீர் அருந்தும் நேரத்தை நாமே கட்டுப்படுத்துகிறோம்.' மதினி அதைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"அடியே, மூத்திரத்த அடக்குறதக் கூட அச்சடிச்சிட்டாய்ங்களே! கங்காணியம்மா பெரிய ஆளுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் போட்டோவைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கக்கூஸ் விஷயம் அப்போது தோட்டத்து மேனேஜர் துரையின் மேசையில் இருந்தது. ஒன்று கட்டச் சாமான் வந்திருந்தது. ஏழாம் நம்பர் மலையா, இல்லை வெளிநாட்டுக்காரர்கள் இறங்கித் தேத்தண்ணி குடிக்கிற ரோட்டுப் பக்கமா என்று பேச்சு. பெரட்டுக்களத்தில் வைத்த கூட்டத்தில் துரை சுவரில் இருந்த போஸ்டரைக் கையால் காட்டினார். சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"ஏழாம் நம்பர் பொம்பளைங்க நல்லா சமாளிக்கிறதானே? அப்ப ரோட்டுப் பக்கம் மொதல்ல கட்டுவோம்."

என் படம் சுவரிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்து வந்த வெயில் காலத்தில் மதினி இடுப்பில் வலி என்றாள். எரிச்சல் என்றாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்தார்கள். மலையில் ஒரு நாள் அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்தபோது நான்தான், "சாப்பாட்டு நேரம் வரட்டும் மதினி, நீயே குடிச்சா மத்ததுக என்னா செய்யும்?" என்றேன். அவள் மூடியைத் திருகி வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, கூடையோடு செடிக்குள் விழுந்தாள். உடம்பு கொதிக்கிறது, பல் கிட்டி நடுங்குகிறாள். இரண்டு படங்கை முடிச்சுப் போட்டு அதில் கிடத்தி, ஆறு பேர் தூக்கி இறக்கினோம். லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரி.

அங்கே இருந்த டாக்டரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும். வந்ததும் வராததுமாகத் திட்டினார்.

"கிருமி கிட்னி வரைக்கும் போயிட்டுது. எத்தினை நாளா அடக்கினனீங்கள்? தண்ணி ஏன் குடிக்கேல்ல? உங்களுக்கு அறிவில்லையே?"

காய்ச்சல் மயக்கத்தில் மதினி கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். "கங்காணியம்மா குடிக்க வேணாம்னாங்க."

டாக்டர் நிமிர்ந்து, கட்டில் ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான்தான் கங்காணி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. என் முகத்தில் எழுதியிருந்திருக்கும்.

ஒரு கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது. இனி மலை ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மாதம் அந்தம்மா வழக்கம் போல வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்து, "ஐயோ" என்றார். சரி, மனுஷிதான் என்று நினைத்தேன். உடனே என் பக்கம் திரும்பி, "அவவைக் கீழ இறக்கின நேரம் உங்கட கேங் எப்பிடி ஒண்டாச் சேர்ந்தது? அந்தப் படங்கு யோசினை ஆருக்கு வந்தது?" என்று கேட்டார். பேனாவின் மூடி திறந்திருந்தது.

எழுந்து வெளியே போய், வெற்றிலையைக் குதப்பித் துப்பிவிட்டு நின்றேன். அவ்வளவு ஆத்திரம் நான் என் மாமியார்மேல் கூடப் பட்டதில்லை. அப்போதுதான் அந்தம்மா பின்னாலேயே வந்து, அடுத்த தடவை ஏழாம் நம்பர் மலைக்கே வந்து எங்கள் கேங்கை வீடியோ எடுக்கப்போவதாகச் சொன்னார். கம்பனிக்குக் காட்டுவதற்காம்.

"வாங்க மேடம்" என்றேன். "கட்டாயம் வாங்க."

அடுத்த மாதம் பெரட்டுக்களத்துக்கு வந்தார். நான் வீட்டிலிருந்து பெரிய பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஒரு கோப்பை ஊற்றினேன். குளிருக்கு நல்லதுங்க என்று இன்னொன்று. ஏறும்போது களைக்கும்ங்க என்று மூன்றாவது. என் கையாலேயே ஊற்றினேன். "எவ்வளவு அன்பு" என்று சொல்லிக் குடித்தார். ஆபீஸ் கக்கூசுக்குப் போகவேண்டுமா என்று மட்டும் நான் கேட்கவில்லை.

பாதி வழியிலேயே பனி இறங்கிவிட்டது. ஒன்பது மணிக்கு மலையில் இருந்தோம். அந்தம்மா போனைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருத்தியிடமும் நல்லதைக் கேட்டுக்கொண்டு போனார். பத்து மணிக்குக் கேள்வி குறைந்தது. பத்தரைக்குப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பதினொரு மணி இருக்கும், என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, இஞ்ச கிட்டடியில எங்கயாவது…"

"எங்கயும் இல்லைங்க மேடம்."

"கீழ போக எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்ங்க. வழுக்கும். மெதுவாத்தான் போகணும்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றுவிட்டது. எனக்கு இப்போது விடக்கூடாது என்று இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? காலையில இருந்து இவ்வளவு நேரம் எப்படிங்க அடக்குனீங்க? ஒங்களத் தாங்குன பலம் என்னாங்க?"

அந்தம்மா என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"எனக்கு ஏலாது தங்கச்சி" என்றார். "இனி ஏலாது."

சிவப்புக் கோடு போட்ட சொல். அதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவாக இல்லை. நானே முதலில் இடுப்புப் படங்கை அவிழ்த்தேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கஞ்சி போட்ட சேலையைச் சுருட்டிக்கொண்டு அவர் செடிக்குள் இறங்க, நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்து நின்றோம்.

வந்து கல்லில் உட்கார்ந்தார். சேலைக் கரையெல்லாம் சேறு, கணுக்காலில் ஓர் அட்டை. நான் குனிந்து அதைப் பிடுங்கிப் போட்டேன். நோட்டை அவர் எடுக்கவில்லை.

"உங்கட மதினிக்கு என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லுங்கோ."

சொன்னேன். போஸ்டர், துரை, ரோட்டுப் பக்கக் கக்கூஸ், போத்தல் மூடி, டாக்டர் பார்த்த பார்வை, எல்லாம் சொன்னேன். முடித்துவிட்டு, "அன்னைக்கே நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முதல் நாள் கேக்கேல்ல. அது என்ர பிழை. உங்கட கையில ஒரு பேப்பர் இருந்தது, நான் கண்டனான், கண்டும் கேக்கேல்ல. ஆனா தனியாக் கதைச்ச அண்டைக்கு, வேற ஏதும் சொல்லவேணுமோ எண்டு கேட்டனான், தங்கச்சி. நீங்கள் இல்லை எண்டு சொன்னீங்கள். ஏன்?"

அவர் திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் எழுந்து கேங்கைப் பார்த்து, "என்னா வேடிக்கை? கை ஓடட்டும்!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவரை நிறுத்தினார்களா, அவரே நின்றாரா, தெரியாது. ஆறு மாதத்தில் ஏழாம் நம்பர் மலைக்குச் சீமெந்தும் தகரமும் ஏறியது. கம்பனிப் பத்திரிகையில் அதைப்பற்றிப் போட்டிருந்ததாம், பெண்கள் தங்கள் தேவையைத் தங்கள் பலத்தாலேயே கண்டுகொண்டார்கள் என்று. அது அந்தம்மா எழுதியதுதான். வேறு யார் அப்படி எழுதுவார்கள்?

மதினி இப்போது பிள்ளைக்காம்பராவில் இருக்கிறாள். மலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற உதவி வேலை. ஏழாம் நம்பருக்கு ஏற அவளால் முடியாது. அதனால் கக்கூஸ் திறந்த அன்றைக்குப் போனில் படம் எடுத்து வந்து காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தாப்பா உள்பக்கம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி." டாக்டர் சொன்ன கணக்குக்கு மணிக்கொரு தடவை குடிக்கவேண்டிய போத்தலை எடுத்துக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவளாக என்னைப் பார்த்தாள்.

"ஏன் புள்ள, அன்னைக்கு நான் எழுதித் தந்தேனே ஒரு பேப்பர், அத அந்தம்மாகிட்டக் குடுத்தியா?"

தூளிக்குள் ஒரு குழந்தை சிணுங்கியது. அதை ஆட்டிவிட்டேன்.

"குடுத்தேன் மதினி. அந்தம்மாதான் வாங்கல" என்றேன்.

மதினி அதை நம்பிவிட்டாள். அந்தம்மாவை நாலு வார்த்தை நன்றாகத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.